தொடங்கவும் நிறுத்தவும் கற்போம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் மாலை வகுப்பு மாணவர்கள் மாதிரித் தேர்வுக்கெனக் கணிப்பொறியில் ஒரு கடிகாரம் செய்தனர். 30 நிமிடம் ஓட வேண்டிய அது, ஒரு நாள் 15 நிமிடத்திலேயே மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் விடைத்தாளைப் பாதியில் மடித்தனர். மீண்டும் அவ்வாறே இயக்கிப் பார்த்தபோது, ‘நிறுத்து’ என்னும் பொத்தானை அழுத்தியும் அது நிற்கவில்லை. “நமக்கெல்லாம் இது வராது, ஐயா” என்றான் அதைச் செய்த தம்பி. அச்சொல்லுக்கு விடை கூறவே இங்கு நிற்கின்றேன்.

அவர்கள் கையாண்டது பைத்தான் மொழியும், அதனுடன் வரும் டீகேஇன்டர் என்னும் தொகுப்பும் ஆகும். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான், விலையின்றிக் கிடைப்பது. டீகேஇன்டரில் ‘ஆஃப்டர்’ என்றோர் ஆணை உண்டு. 1000 மில்லி விநாடி கழித்து ஒரு வேலையைச் செய் என்று அதனிடம் சொன்னால், ஒரே ஒரு முறை செய்யும். அவ்வேலை தன் முடிவில் அதே ஆணையை மீண்டும் இட்டால்தான் தொடர்ந்து நடைபெறும். ‘ஸ்லீப்’ என்னும் ஆணையால் காக்க வைத்தாலோ, திரை உறைந்துபோகும்; எந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

‘ஆஃப்டர்’ ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளச் சீட்டுத் தருகிறது. அச்சீட்டை ‘ஆஃப்டர் கேன்சல்’ என்னும் ஆணையிடம் கொடுத்தால், காத்திருக்கும் வேலை நீக்கப்படும்.

பிழை எங்கே நேர்ந்தது? ‘தொடங்கு’ பொத்தானை இருமுறை அழுத்திவிட்டனர். இரண்டு தொடர்கள் ஓடின. விநாடிக்கு இரண்டு விநாடி குறைந்தது. சீட்டு வைக்கும் இடமோ ஒன்றே. பின்வந்த சீட்டு முன்னதை அழித்தது. ஆகவே நிறுத்தியபோது ஒரு தொடர் நின்றது, மற்றது ஓடியது.

இளைஞர்களே, தொடங்குமுன் பழைய சீட்டு இருந்தால் அதனை நீக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புதிய சீட்டைக் காத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியபின் அவ்விடத்தை வெறுமையாக்குங்கள். மேலும், சுற்றுகளை எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் சிறிது தாமதமாகலாம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, கணிப்பொறிக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.

அன்று மாலையே அத்தம்பி தன் கையால் அதனைத் திருத்தினான். குறை அவனிடத்திலும் இல்லை, அவன் பிறந்த தெருவிலும் இல்லை. எழுதாமல் விட்ட சில வரிகளில் இருந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பெற்ற ஊர் நம் காரைக்குடி. அத்தகைய நிலையங்களுக்குள் நம் பிள்ளைகள் அறிஞர்களாக நுழைய வேண்டும். அதற்கு, பிழை கண்டவுடன் “வராது” என்று எழுந்துவிடாமல், காரணம் தேடி அமரும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை வளர்ப்பதே இச்சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியாகுக.