கலைவாணரின் பட்டறை



கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி நடக்கும் கூட்டங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் பேசுபவர் அவருடைய கொடைத்தன்மையைச் சொல்வார். அடுத்தவர் சீர்திருத்தக் கருத்துகளுக்கு வருவார். மூன்றாமவர் ‘இந்தியாவின் சார்லி சாப்ளின்’ என்று சொல்லி உட்காருவார். அந்த மனிதர் எப்படிச் சிரிக்க வைத்தார் என்ற பேச்சு எழாமலே கூட்டம் கலைந்துவிடும். இந்தக் கருத்தரங்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா இசக்கியம்மாள். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை என்னும் கோயில் விழா நடக்கும் நாஞ்சில் நாடு அது. கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. வறுமையில் படிப்பு பாதியில் நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையில் நடிகனாகச் சேர்ந்தான். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களின் கெடுபிடியான பயிற்சி ஒரு பக்கம், கோயில் முற்றத்து வில்லிசை மறு பக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அவருடைய நகைச்சுவை பிடிபடாது.

வில்லடிப்பவர் கதை சொல்லிக்கொண்டு போவார். கூட இருப்பவர் ‘ஆமாம்’ போடுவார். அதோடு நிற்கமாட்டார், குறுக்கே புகுந்து சந்தேகம் கேட்பார், ஒன்றும் தெரியாதவர்போல விழிப்பார், கதையை நிறுத்திவைப்பார். கிருஷ்ணனும் அவருடைய மனைவி டி.ஏ. மதுரமும் சேர்ந்து வரும் காட்சிகளைக் காது கொடுத்துக் கேட்டால் இந்த அமைப்புதான் உள்ளே ஓடுவது தெரியும். ஒருவர் பெரிதாக அளப்பார். மற்றவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்பார். அளப்பு அங்கேயே சரியும். சாப்ளின் பேச்சில்லாத படத்தில் உடம்பால் சிரிக்க வைத்தவர். கிருஷ்ணன் பேச்சையும் பாட்டையும் நம்பியவர். ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் தவறில்லை, ஆனால் அந்த ஒப்பீட்டால் அவரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

1936இல் வந்த ‘சதிலீலாவதி’ எஸ்.எஸ். வாசனின் கதை. எம்.ஜி.ஆருக்கு முதல் படம். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். அப்படிப்பட்ட படப்பிடிப்பில் நகைச்சுவைக்கு யார் பொறுப்பேற்பது? கிருஷ்ணன் ஏற்றுக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அது ஒரு தொழில்முறையாகவே வளர்ந்தது. கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் ஓடும் நகைச்சுவைப் பகுதியை அவரே யோசித்து, தம் குழுவைக் கொண்டு எடுத்துத் தருவார். டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் என்று கூட நடிக்க ஆட்கள். பாட்டுக்கு உடுமலை நாராயணகவி. ஒரு படத்துக்குள் இன்னொரு சின்னக் கம்பெனி என்றே இதைச் சொல்லலாம். பிற்காலத்தில் கவுண்டமணி–செந்தில் படங்களில் ‘காமெடி ட்ராக்’ என்று தனியாகப் பேசப்பட்டதற்கு மூல வடிவம் இங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள எளிய பொருள் அல்ல; படத்தின் கதையை எழுதுபவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

மதுரத்தைப் பற்றித் தனி அமர்வு ஒன்று இந்த நிகழ்ச்சி நிரலில் இருப்பது நல்ல செய்தி. ‘வசந்தசேனா’ படத்தின்போது பழகி மணந்துகொண்டவர்கள் இவர்கள். அன்றைய படங்களில் கதாநாயகி அழுவதற்கும் பாடுவதற்கும் இருந்தபோது, கணவனை மடக்கிக் கேள்வி கேட்கும் மனைவியாகத் திரையில் நின்றவர் மதுரம். பல காட்சிகளில் கடைசி வார்த்தை அவருடையது. இருந்தும் ‘கலைவாணரின் துணைவியார்’ என்ற அடைமொழிக்குள்ளேயே அவரை வைத்திருக்கிறோம்.

அவர் வெறும் துணையல்ல என்பதற்குச் சிறைக்காலமே சாட்சி. ‘இந்துநேசன்’ பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். இருவரும் நடித்த ‘ஹரிதாஸ்’ அதே காலத்தில் பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது; மூன்று தீபாவளி கண்ட படம். திரையில் கிருஷ்ணனைப் பார்த்து ஊர் சிரிக்க, ஆள் சிறைக்குள் இருந்தார். மதுரமோ எஸ்.வி. சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து நாடகக் குழுவைக் கலையவிடாமல் நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ படத்தையும் எடுத்தார்கள். விடுதலையாகி வந்த கிருஷ்ணனும் அதில் தோன்றினார். சிறையனுபவத்தையே பாட்டாக்கிச் சிரிக்க வைத்தார்! பாகவதரின் திரைவாழ்க்கை அந்த வழக்கோடு சரிந்ததையும், கிருஷ்ணனுடையது மறுபடி எழுந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாகவதரின் புகழ் ஓர் உருவத்தையும் குரலையும் நம்பியது. கிருஷ்ணனுக்கோ ஒரு குழு காத்திருந்தது.

1949இல் ‘நல்லதம்பி’. கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு என்ற இரட்டையர். அதில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபம்தான் என்.எஸ். கிருஷ்ணனுடைய தொழில்திறன் முழுவதும் கூடிவந்த இடம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை அன்றைய ரசிகர்கள் கேட்டும் பார்த்தும் ஊறியவர்கள், கே.பி. சுந்தராம்பாளும் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் நடித்தாயிற்று. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். கதை சொல்லும் பாகவதரின் இழுவை, பின்பாட்டு, இடையிடையே வியாக்கியானம் என்று காலட்சேபத்தின் இலக்கணம் எதையும் அவர் கேலிக்காக உடைக்கவில்லை. வடிவத்தைப் பக்தியோடு காப்பாற்றிக்கொண்டு உள்ளே இருந்த சரக்கை மட்டும் மாற்றினார். சாதியைப் பற்றிய அவ்வளவு கடுமையான விஷயத்துக்குக் கொட்டகையே சிரித்தது என்றால், காரணம் கருத்து அல்ல, அந்தக் கைவேலை.

மாறாகவும் நடந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. கலைஞரின் வசனத்தோடு கிருஷ்ணனே இயக்கிய ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) இரண்டிலும் சில இடங்களில் பிரசங்கம் நகைச்சுவையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ‘பணம்’ விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரைத் தமிழுக்குத் தந்த படம் என்பது வேறு கணக்கு. ‘ராஜா ராணி’யில் சிரிப்பின் வகைகளைப் பாடிச் சிரித்துக் காட்டியபோது பழைய கிருஷ்ணன் திரும்பிவிட்டார்.

1957 ஆகஸ்ட் 30 அன்று அவர் காலமானார். நாற்பத்தொன்பது வயது நிறையவில்லை. சென்னையில் உள்ள அவருடைய சிலையை 1969 ஜனவரியில் திறந்துவைத்த அண்ணா, மூன்று வாரத்துக்குள் தாமும் மறைந்தார். சிலையும் அவர் பெயரில் அரங்கமும் வந்துவிட்டன. வராமல் இருப்பது அவருடைய நகைச்சுவைப் பகுதிகளின் முழுப் பட்டியல். எந்தப் படத்தில் எது யார் எழுதியது, எந்தப் பாட்டு யாருடையது என்ற விவரம். கிடைக்கும் பிரதிகள், இசைத்தட்டுகள், அன்றைய பாட்டுப் புத்தகங்கள் மூன்றையும் ஒப்பிட்டால் பாதிவரையாவது தேறும். இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்கள் ஆளுக்கொரு படமாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் அமர்வு வில்லிசை பற்றியது. வில்லும் குடமும் மேடைக்கு வந்தாயிற்று, கட்டுரையாளர் தொடங்கலாம்.