பாரிசில் எங்கள் முதல் நாள்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"பாரிஸ் போயிட்டு வந்தியே, என்ன பாத்தே?"ன்னு குழுக் கூட்டத்துல எல்லாரும் கேட்டீங்க. பார்த்ததைச் சொல்றேன். அதோட நம்ம வீட்டுப் பெண்பிள்ளைங்களைப் பத்தியும் ஒரு விஷயம் சொல்லணும். அதுக்காகத்தான் தலைவியிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

நம்ம ஊர் 1739-லேருந்து 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கையில இருந்தது. 1962-ல் ஒப்பந்தம் முழுசா நடைமுறைக்கு வந்தப்போ, விருப்பப்பட்டவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கலாம்னு ஆறு மாசம் தவணை கொடுத்தாங்க. எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இன்னிக்கும் நம்ம தெருவுல இருக்கு. அதனாலதான் நம்ம ஊர்ல "பிரான்ஸ் மாப்பிள்ளை"ன்னா தனி மவுசு. நகையும் ரொக்கமும் கூடுதலா கேட்டாலும், கடன் வாங்கியாவது கொடுத்துடறாங்க. என் பெண் பி.காம். முடிச்சிருக்கா. அவளுக்கும் அப்படி ஒரு வரன் வந்திருந்தது. முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து பாருங்கன்னு என் தங்கச்சி டிக்கெட் எடுத்து அனுப்பினாள். நானும் என் வீட்டுக்காரரும் பெண்ணும் போனோம்.

தங்கச்சி வீடு பாரிசுக்கு வடக்கே லா கூர்னேவ் என்கிற ஊரில். நம்ம காரைக்கால், புதுச்சேரி ஆட்கள் அந்தப் பக்கத்துல நிறைய பேர் இருக்காங்க. முதல் நாள் காலையில ரயில் ஏறி கார் து நோர் என்கிற பெரிய ஸ்டேஷனில் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தா லா ஷப்பேல். அங்க போனதும் என் வீட்டுக்காரர், "நம்ம பாரதியார் வீதிக்கே வந்துட்டோமா?"ன்னார். முருங்கைக்காய், வாழையிலை, புடவைக் கடை, நகைக்கடை, தமிழ்ல போர்டு! 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்கள் உருவாக்கின கடைத்தெரு அது. பக்கத்திலேயே 1985-ல் ஏற்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசியில் தேர் பாரிஸ் தெருவுல போகுமாம், நடுரோட்டில் தேங்காய் உடைப்பாங்களாம். சாமி கும்பிட்டோம். மனசுக்குத் தெம்பா இருந்தது.

அங்கிருந்து மெட்ரோ. 1900-லேயே ஓட ஆரம்பிச்ச ரயில். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு எண், ஒரு நிறம். ரயில் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சுக்க, கடைசி ஸ்டேஷன் பேரைப் பார்க்கணும். இரண்டாம் எண்ணில் ஏறி, எத்துவாலில் இறங்கி, ஆறாம் எண்ணுக்கு மாறி, த்ரொக்காதெரோ போனோம். வெளியே வந்ததும் எதிரே ஈபிள் கோபுரம். 1889-ல் கட்டினது, 330 மீட்டர் உயரம். அத்தனையும் இரும்பு. என் பெண் வாயைத் திறந்தவள் மூடலை. கீழே சேன் ஆறு, நம்ம அரசலாற்றைவிட அகலம்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். புளிசாதம்தான்! அப்போதான் தங்கச்சி மனசு திறந்தாள்.

"அக்கா, நான் வந்த புதுசுல மூணு வருஷம் தனியா வாசப்படி தாண்டினதில்ல. பாஷை தெரியாது. பாஸ்போர்ட் மாமியார் பீரோவில. கையில ஒரு யூரோ கிடையாது. இந்தக் கோபுரத்தை நான் முதமுதல்ல பாத்ததே நாலாவது வருஷம். ஊருக்குப் போன் பண்ணும்போது மட்டும் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன்."

இத்தனை வருஷம் அவள் நல்லா இருக்கான்னுதான் நாங்க நினைச்சிட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"எப்படி வெளியில வந்தே?"ன்னு கேட்டேன். புதுசா குடியேறி வந்தவங்களுக்கு நடத்துற பிரெஞ்சு வகுப்பில் பக்கத்து வீட்டு அல்ஜீரியா அம்மா சேர்த்துவிட்டாங்களாம். அங்க டீச்சர் சொன்ன ஒரு சேதியை எங்களுக்கும் சொன்னாள். பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சதே 1944-ல்தான். அதைவிட ஆச்சரியம், கல்யாணமான பெண் புருஷன் சம்மதம் இல்லாம தன் பேரில் வங்கிக் கணக்கு தொடங்கலாம், வேலைக்குப் போகலாம்னு சட்டம் வந்தது 1965-ல்! கோபுரம் கட்டி எழுபத்தாறு வருஷம் கழிச்சு. "அந்தச் சேதி கேட்ட வாரமே என் பேர்ல கணக்கு தொடங்கினேன் அக்கா"ன்னா. இப்போ ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் வேலை பார்க்கிறாள்.

சகோதரிகளே, நம்ம பாஸ்புக்கை நாம சாதாரணமா நினைக்கிறோம். அது எவ்வளவு பெரிய சொத்துன்னு எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தப்போதான் உறைச்சது.

திரும்பும்போது தங்கச்சி என் பெண்ணிடம், "நான் வாயைத் திறக்க மாட்டேன். நீதான் எங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்"னா. பக்கத்து ஸ்டேஷன் பீர் அக்கேம். அங்கே ஒரு சிக்கல். இரண்டாம் எண் ரயிலும் கடைசியில் போய்ச் சேருவது நசியோன், ஆறாம் எண் ரயிலும் ஒரு பக்கம் போய்ச் சேருவது நசியோன். காலையில் லா ஷப்பேலில் அந்தப் பேரைப் பார்த்த ஞாபகத்தில், அந்தப் பக்கம் போற ரயிலில் ஏற என் வீட்டுக்காரர் கிளம்பிட்டார். பெண், "அப்பா நில்லுங்க. அது ஊரைத் தெற்கால சுத்திக்கிட்டுப் போகும். நாம முதல்ல எத்துவால் போகணும்"னு கையைப் பிடிச்சு நிறுத்தினாள். படத்தை விரலால் தடவித் தடவிப் படிச்சு, சரியா கொண்டுவந்து சேர்த்தாள். ராத்திரி ஒன்பது மணி, இன்னும் வெளிச்சம் போகலை.

அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே அவளே சொன்னாள்: "அம்மா, எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. ஆனா பாஷை கத்துக்கிட்டுத்தான் வருவேன்." ஊர் திரும்பினதும் மாப்பிள்ளை வீட்டில் பேசினோம். ஒரு வருஷம் கழிச்சுக் கல்யாணம், பெண் முதல்ல பிரெஞ்சு படிக்கட்டும்னு சொன்னோம். யோசிச்சுச் சொல்றோம்னு போனவங்க இன்னும் பதில் சொல்லலை. சொல்லாட்டியும் பரவாயில்லை. பெண் படிச்சுக்கிட்டிருக்கா.

வெளிநாட்டுக்குப் பெண் கொடுக்கப்போற ஒவ்வொரு குழுவிலும் இதைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதணும்னு கேட்டுக்கிறேன். நகைக்கு உள்கடன் கேட்டு வந்தா, முதல்ல பாஷை படிக்கக் கடன் கொடுப்போம். கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு பண்ணி, அத்தாட்சியின் நகல் ஒண்ணைத் தாய்வீட்டில் வச்சுக்கணும். பாஸ்போர்ட் பெண் கையில இருக்கணும். அவள் பேரில் கணக்கு இருக்கணும். கொடுமைன்னா பிரான்சில் பெண்கள் அழைக்க 3919-னு ஒரு இலவச எண் இருக்கு, நம்ம ஊர் 181 மாதிரி. அதை மனப்பாடமா சொல்லி அனுப்பணும். போனில் "நல்லா இருக்கேன்"னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. தனியா எங்கே போனே, என்ன வாங்கினேன்னு கேளுங்க.

கயிலைக்குத் தலையாலேயே நடந்துபோன அம்மையார் பிறந்த ஊர் இது. நம்ம பெண்கள் எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகட்டும். வழி கேட்கத் தெரிஞ்சு, வழிச்செலவு கையில வச்சுக்கிட்டுப் போகட்டும்.