இறக்கை செய்தவன் யார்?

(இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு மனிதன் தன் வீட்டிலேயே ஆகாய விமானத்திற்கு இறக்கை செய்வதைப் பற்றியதாகும். நம்ம ஊருக்கும் ஆகாய விமானத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கக்கூடும். முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் அறிவைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடி உற்சவத்தில் ஐந்து கருட சேவை நடக்கிறது. ஐந்து கருடனுக்கும் இறக்கை உண்டு. ஆனால் மனிதன் தூக்காமலும் இழுக்காமலும் அவற்றில் ஒன்றாவது ஒரு அங்குலம் எழும்பியதுண்டா? "அந்தக் காலத்தில் புஷ்பக விமானம் பறந்தது, வைமானிக சாஸ்திரமே இருக்கிறது" என்பார்கள். 1974-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஐந்து பேர் அந்தப் புத்தகத்தை ஆராய்ந்தார்கள். அது 1904-க்கு முன் எழுந்ததல்ல, அதில் கண்ட விமானங்கள் பறக்கக்கூடியவையுமல்ல என்று எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2015-ல் பம்பாயில் கூடிய விஞ்ஞானக் காங்கிரஸிலேயே இந்தப் பழைய பாட்டைப் பாடினார்கள் என்றால் இதை என்னவென்று சொல்லுவது?

உண்மையில் பறந்தவர்கள் என்ன செய்தார்கள்? ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். முன்னோர் தந்த கணக்குப்படி தங்கள் இறக்கை தூக்கவில்லை என்று கண்டதும், விதியென்று இருந்துவிடவில்லை. முன்னோர் கணக்கையே சந்தேகித்தார்கள். 1901-ல் ஒரு மரப்பெட்டிக்குள் காற்றை ஊதச் செய்து, சுமார் 200 வகைச் சிறு இறக்கைகளை வைத்துச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17-ந் தேதி 12 வினாடி, 120 அடி பறந்தார்கள். அந்த இறக்கை எதனால் ஆனது? மரச் சட்டமும் பருத்தித் துணியும்தான், தோழர்களே!

இறக்கையின் அமைப்பைக் கேளுங்கள். நீளவாக்கில் ஒன்றிரண்டு உத்திரக் கட்டைகள். அவைதான் பாரம் தாங்குபவை. குறுக்கே விலா எலும்புபோல் வளைந்த சட்டங்கள். அந்த வளைவும், காற்றுக்கு இறக்கை காட்டும் சாய்வும் காற்றைக் கீழே திருப்புவதால் இறக்கை மேலே தூக்கப்படுகிறது. வேகம் இரட்டித்தால் தூக்கும் சக்தி நாலு மடங்காகும். மேலே துணி போர்த்தி, அதை முறுக்கேற்ற 'டோப்' என்னும் ஒருவகை வார்னீஷ் பூசுகிறார்கள். பொருத்தும்போது இரண்டு இறக்கைகளின் சாய்வும் ஒன்றாயிருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். பேதமிருந்தால் விமானம் ஒரு பக்கம் சாயும். அதிர்ச்சியில் நட்டு கழலாதபடி குறுக்கே பின் மாட்டுகிறார்கள்.

இதிலே நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. பசை ஒட்டியது நன்றாயிருக்கிறதா என்பதற்கு அதே பசையால் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, உடைத்துப் பார்க்கிறார்கள். மரம் கிழிந்தால் பசை நல்லது. பசை விட்டுக்கொடுத்தால் செய்ததெல்லாம் வீண். பிறகு இறக்கையைத் தலைகீழாய்க் கட்டி மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். ஏன் தலைகீழாக? பறக்கையில் காற்று மேல்நோக்கித் தூக்குமல்லவா, அந்தப் பாரத்தைத் தரையிலேயே சுமத்திப் பார்க்கிறார்கள். உடைத்துப் பார்த்து நம்புகிறவன் உயிர் பிழைக்கிறான். நம்பிவிட்டுப் பறக்கிறவன் விழுகிறான். இறக்கைக்கு இருக்கும் இந்தப் பரீட்சையை நம் வாழ்வை நடத்தும் கொள்கைகளுக்கு மட்டும் ஏன் வைக்கக்கூடாது என்று கேட்கிறோம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்பீர்கள். தொடுபுழைப் பக்கத்து சஜி தாமஸ் என்ற தோழர், பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேசாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ரப்பர் தோட்டத்திற்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஆசைப்பட்டவர். அவர் தம் கையாலேயே செய்த சிறு விமானம் 2014-ல் நமக்குத் தெற்கே அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாறில் பறந்தது. அவர் எந்த மந்திரம் ஜெபித்தார்?

இந்த ஊர்களைப் பாருங்கள். இராஜபாளையத்தில் நூல் நூற்கும் ஆலைகள். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் தறிகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய தேர் செய்த தச்சுக் கை. நூலும், துணியும், தச்சும் இங்கேயே இருக்கின்றன. இத்தனை கைத்திறமையையும் கீழான வேலை என்று ஒதுக்கிவிட்டு, ஏடு படித்தவனே அறிவாளி என்று நாம் நம்பினோமே, அதுதான் நமக்கு வந்த கேடு!

நாளைக்கே எல்லோரும் விமானம் செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதற்குப் படிப்பு வேண்டும், பணம் வேண்டும், சர்க்கார் அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளை ஒரு மரத்துண்டைச் செதுக்கி, "ஏன் பறக்கவில்லை?" என்று கேட்டால், ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும் அதட்டாதீர்கள். அந்தக் கேள்விதான் முதல் இறக்கை. அதை வெட்டாதிருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இதை முடித்துக்கொள்ளுகிறோம்.