நாற்பது வயதில் துறை மாறிய வழக்கறிஞர்
(கல்வி உதவி நிதி வழங்கும் விழாவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டம் படிக்கப் போகும் மாணவர்கள் சிலர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும்படி பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மாணவர்களுக்கு அறிவுரை கூற என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பலர் உண்டு. ஆகையால், அவர்களோடு வந்திருக்கும் பெற்றோர்களின் வயதுக்கு ஏற்ற ஒன்றைப் பேச எண்ணினேன். பதினாறு ஆண்டுகள் ஒரே வகை வேலையைச் செய்துவிட்டு, வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கும் நேரத்தில், வழக்கறிஞர் ஒருவர் தம் துறையை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்பதே என் அனுபவம். அதற்கு என்ன செலவாகிறது, அந்தச் செலவை வீட்டில் யார் யார் ஏற்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் வழக்கறிஞருக்கு உரிமம் ஒன்றுதான். 1966ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஆண்டுதோறும் பெறும் சான்றிதழைக் கொண்டு வீடு விற்பனைப் பத்திரங்களையும் கவனிக்கலாம், விவாகரத்து வழக்கிலும் வாதாடலாம். துறை மாற எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நிறுவனம் சம்பளம் கொடுப்பது உரிமத்திற்கு அன்று. பிறர் மேற்பார்வை இல்லாமல் நாம் முடித்துத் தரும் வேலைக்கும், நம்மை நம்பி வரும் கட்சிக்காரர்களுக்கும்தான். புதிய துறையில் இவ்விரண்டும் நம்மிடம் இல்லை. பதினாறு ஆண்டு அனுபவம் உள்ளவரை நான்கைந்து ஆண்டு அனுபவம் உள்ளவராகக் கருதியே சம்பளம் பேசுவார்கள். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

நான் செய்து வந்தது சொத்துப் பரிமாற்றம். வீடு வாங்குவோர், விற்போர், கடன் கொடுக்கும் வங்கி ஆகியோருக்கிடையே பத்திரங்களைக் கவனிக்கும் வேலை. 2003ஆம் ஆண்டு வரை இதற்கு நிர்ணயக் கட்டணம் இருந்தது. அது நீக்கப்பட்டதும் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்டணத்தைக் குறைத்தன. 2011 டிசம்பரில் கூடுதல் முத்திரை வரி வந்தது. 2013 ஜூனில் நாணய வாரியம் மொத்தக் கடன் விகிதத்துக்கு வரம்பு விதித்தது. 2012இல் வீட்டு நிறுவனங்கள் விற்ற புதிய தனியார் வீடுகள் 22,000க்கும் மேல். 2014இல் ஏறத்தாழ 7,300தான். என் மேசையில் கோப்புகள் குறைந்ததற்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை.

வேலை குறைந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் ஒரு மூதாட்டி. அவரும் கணவரும் கூட்டாக வைத்திருந்த வீவக வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போக எண்ணி வந்தார்கள். விற்பனை நடந்துகொண்டிருக்கையில் கணவருக்குப் பக்கவாதம் வந்து நினைவு தவறியது. கையொப்பமிட அவரால் இயலாது. மனைவியாயிற்றே, அவர் போடலாகாதா என்று உறவினர்கள் கேட்டார்கள். ஆகாது. 2010 மார்ச் மாதத்தில் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டத்தின்படி, எல்.பி.ஏ. எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை அவர் முன்பே எழுதியிருந்தால் நியமிக்கப்பட்டவர் கையொப்பமிடலாம். எழுதாததால் நீதிமன்றத்தில் மனுச் செய்து, மருத்துவ அறிக்கை தாக்கல் செய்து, மனைவியை அவருடைய டெபுடியாக நியமிக்கும் ஆணையைப் பெற வேண்டும். கணவர் பேரில் மட்டும் இருந்த வங்கிப் பணத்துக்கும் இதே கதிதான். கோப்பு என் கையைவிட்டு வேறொரு வழக்கறிஞரிடம் போயிற்று. அதன் பிறகு அவர்களுக்கு உண்டான சிக்கல்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவரை சட்டச் சிக்கல்கள் மட்டுமல்ல, குடும்பச் சிக்கல்களும்கூட. அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போது எழுந்தது.

2014இல் எனக்கு வயது 41. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி குடும்ப நீதிமன்றங்கள் தனியமைப்பாகத் தொடங்கப்பட்டன. விவாகரத்து, மரபுரிமை, மனத்திறன் மனுக்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. அத்துறையில் ஒரு சிறிய நிறுவனம் எனக்கு இடம் தர முன்வந்தது. மாதச் சம்பளம் 9,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாகும் என்றார்கள். என் கணவர் ஆசிரியர். மூத்தவன் அவ்வாண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத இருந்தான். இளையவள் இரண்டாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருந்தார்.

இரவு உணவுக்குப் பின் கணக்கு நோட்டோடு அமர்ந்தோம். அந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் இன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஒன்று, மத்திய சேம நிதி. அப்போது சேம நிதிச் சந்தா மாதச் சம்பளத்தின் முதல் 5,000 வெள்ளிக்கு மட்டும்தான். ஆகவே 9,000 வெள்ளி 6,000 ஆனாலும் சேம நிதியில் ஒரு காசு குறையவில்லை. வீட்டுக் கடன் தவணை சாதாரணக் கணக்கிலிருந்து வழக்கம்போல் போயிற்று. இன்று அப்படியில்லை. அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்து 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளி ஆக்கப்பட்டது. நாற்பது வயதுக்காரருக்குச் சாதாரணக் கணக்கில் சேர்வது சம்பளத்தில் 21 விழுக்காடு. 8,000 வெள்ளிக்கு 1,680. 6,000 வெள்ளிக்கு 1,260. மாதம் 420 வெள்ளி அங்கேயும் துண்டு விழும். தவணை பெரிதாக இருந்தால் அதைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, வருமான வரி. இங்கு சென்ற ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி கட்டுகிறோம். சம்பளம் குறைந்த ஆண்டில் வரும் வரிச்சீட்டு, சம்பளம் அதிகமாக இருந்த ஆண்டுக்குரியது. ஜைரோ வழி பன்னிரண்டு தவணையாகக் கட்டலாம், வட்டியில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை விலகுவதற்கு முன்பே ஒதுக்கி வைப்பது நல்லது. நாங்கள் வைத்தோம். காரை விற்றோம். மகனுடைய துணைப்பாட வகுப்புகளில் ஒன்றை நிறுத்தி, கணிதத்தை என் கணவரே சொல்லிக்கொடுத்தார்.

என் மாமியார் பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வீடு வாங்குகிறவர்கள் சிரித்த முகத்தோடு வருவார்கள். இனிமேல் உன்னிடம் வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்களே அம்மா, அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பாயா?" என்று கேட்டார். என் நண்பர்களில் எவரும் கேட்காத கேள்வி அது. முதல் ஓராண்டு கொண்டுதான் வந்தேன். பிறகு, அலுவலகத்திலிருந்து இறங்கியதும் இரண்டு பேருந்து நிறுத்தம் நடந்து வருவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

குடும்பச் சட்டம் என்றால் குடும்பத்துக்கு நேரம் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. பத்திர வேலையைப் பிள்ளை உறங்கிய பின் வீட்டில் செய்யலாம். விசாரணை நாள் அப்படியன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் காலையில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அந்த நாள்களில் விடுப்பு எடுத்தவர் என் கணவர். இரவில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் மாமியார். என் பெயருக்குப் பின்னால் எழுதப்படும் அனுபவத்தில் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. 2015இல் ஏஎன்ஜே எதிர் ஏஎன்கே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், விவாகரத்தில் சொத்தைப் பிரிக்க ஒரு முறையை வகுத்தது. பணமாகப் போட்ட பங்கு ஒரு விகிதம். சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியோரைப் பார்ப்பது முதலானவை இன்னொரு விகிதம். இரண்டின் சராசரியை எடுத்து, தேவையானால் திருத்திக்கொள்வது. கணவன் பணத்தில் 70, மனைவி 30; வீட்டு உழைப்பில் கணவன் 40, மனைவி 60 என்றால், சராசரி 55க்கு 45. ஒருவரே சம்பாதித்த நீண்ட கால மணவாழ்வுக்கு இம்முறை பொருந்தாது, அங்கே சமபங்கை நோக்கியே நீதிமன்றம் செல்லும் என்று 2017இல் டிஎன்எல் எதிர் டிஎன்கே வழக்கில் கூறப்பட்டது. அடுப்படி வேலைக்கு மதிப்பில்லை என்று சொல்லும் ஆண்கள் என் அறைக்கு வரும்போது இந்தக் கணக்கைத்தான் தாளில் போட்டுக் காட்டுகிறேன்.

பழைய வேலை வீணாகவில்லை. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள பெரிய சொத்து வீடுதான். கூட்டு உரிமையாக, அதாவது ஜாயிண்ட் டெனன்சியாக உள்ள வீடு, ஒருவர் இறந்ததும் மற்றவருக்கே சேரும். உயிலில் வேறு எழுதியிருந்தாலும் செல்லாது. சேம நிதிப் பணமும் உயிலின்படி போகாது, நியமனத்தின்படிதான் போகும். திருமணத்துக்கு முன் அம்மா பேரில் செய்த நியமனம் திருமணத்தோடு ரத்தாகிவிடும். விவாகரத்தால் மட்டும் அது ரத்தாகாது. முன்னாள் மனைவி பேரில் இருந்தால் நாமே போய் மாற்ற வேண்டும். பத்திர வேலையில் பதினாறு ஆண்டு இருந்தவருக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். என்னைவிடப் பத்து வயது இளைய என் மேலாளர், வீடு சம்பந்தப்பட்ட கோப்புகளை எல்லாம் என்னிடம் தள்ளினார். பிரமாணப் பத்திரம் எழுதும் பக்குவத்தை நான் அவரிடம் கற்றேன். அவர் திருத்திக் கொடுத்த சிவப்பு மைத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய சம்பளத்தை 2019இல் எட்டினேன். இடையில் வராமற்போன தொகையைக் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சம் வெள்ளிக்கு அருகில் வரும். இதை மறைத்துவிட்டுத் துறை மாறுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். இருவரில் ஒருவருக்காவது நிலையான சம்பளம் இல்லாத வீட்டில், நாங்கள் செய்ததைச் செய்வது கடினம். எங்கள் மணவாழ்வில் அப்போது கடன் குறைவு. அதுவும் ஒரு வாய்ப்பு.

அந்த மூதாட்டியைப் போன்றவர்கள் இப்போதும் வாரந்தோறும் வருகிறார்கள். 2016இல் என் மாமியாரும் எல்.பி.ஏ. எழுதிக்கொண்டார். குடும்பத்தவர் சான்றளிக்கக் கூடாது என்பதால் வேறொரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போனோம். என்னை நியமிப்பார் என்று எதிர்பார்த்தேன். தம் மகளை நியமித்தார். "உனக்கு ஏற்கெனவே வேலை அதிகம்" என்றார்.

உணவு பரிமாறும் வரை பின் வரிசையில் இருப்பேன். சேம நிதி நியமனம் பற்றியோ எல்.பி.ஏ. பற்றியோ ஐயம் உள்ளவர்கள் தயங்காமல் வந்து கேளுங்கள்.