பயிற்சி முகாமில் தூங்குவது யார் குற்றம்?

(திருப்பூரில் கிளை நிர்வாகிகள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, கிடைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையை எங்களிடம் தந்திருக்கிறீர்கள். பதிலுக்கு நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மைக் பிடிக்கிறோம். பத்து மணிக்குத் தலையாட்டியவர் பதினொரு மணிக்குத் தூங்கி வழிகிறார். 2020 ஊரடங்கின்போது ஜூமில் வகுப்பு நடத்தினோம். பேசியவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள்.

தோழர்கள் சலிப்படைந்து விடக் கூடாது என்பதற்காக, நபி (ஸல்) அவர்கள் இடைவெளி விட்டே உபதேசம் செய்தார்கள். அதைப் பின்பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டும் உரையாற்றினார்கள். தினமும் பேசும்படி ஒருவர் கேட்டும் மறுத்து விட்டார்கள். புகாரியில் இருக்கிறது. நம் பேச்சாளர்களில் எத்தனை பேர் மறுப்பார்கள்?

இன்னொரு சம்பவமும் புகாரியில் உண்டு. இலை உதிராத மரம் ஒன்று முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று நபியவர்கள் சபையில் கேட்டார்கள். பேரீச்ச மரம் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் பெரியவர்கள் முன்னிலையில் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை.

நம் முகாமிலும் இதுதான் நடக்கிறது. முன்வரிசை நாற்காலியில் முத்தவல்லியும் காண்ட்ராக்டரும். கடைசி வரிசையில் கைமடிக்கும் பையன். எந்தக் கம்பெனியில் என்ன பிடிக்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும். அவனுடைய காண்ட்ராக்டரே முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பேசுவான்? காண்ட்ராக்டர்களுக்குத் தனி அமர்வு வையுங்கள். வருத்தப்பட்டால் படட்டும்.

ஒரு முகாமில் நான் இ.எஸ்.ஐ. பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். நல்ல உரை என்று பாராட்டினார்கள். அடுத்த முகாமுக்கு எல்லோரையும் சம்பளச் சீட்டோடு வரச் சொல்லி, பலகையில் ஒரே ஒரு கணக்கு எழுதினேன். ரூ.15,000 சம்பளம் என்றால், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது ரூ.113, முதலாளி பங்கு 3.25 சதவீதம், ரூ.488. கூடம் முழுவதும் தன் தன் சீட்டைப் பார்த்தது. ஓவர்லாக் தைக்கும் சகோதரர் ஒருவர் எழுந்தார். அவர் சீட்டில் பிடித்தம் இருந்தது, இ.எஸ்.ஐ. எண் இல்லை. முறையாகப் பதிந்து சந்தா கட்டியிருந்தால், நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அவரோ டைபாய்டில் படுத்து, வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். என்னுடைய அந்த நாற்பது நிமிடத்தையும் கேட்டவர் அவர்! வட்டி ஹராம் என்று அதே மேடையில் முழங்கியவர்கள் நாங்கள்.

ஆகவே இன்று என் பேச்சு இவ்வளவுதான். நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு ஐந்தைந்து பேராக வட்டமாக அமருங்கள். சீட்டுகளை வெளியே எடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் வயதில் இளையவர் முதலில் பேசட்டும்.