ஏரித் தண்ணீர் போய்ச் சேரும் இடம்

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அப்பா அம்மா ஷிப்ட் பஸ் ஏறிப் போக, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்குக் கடலை எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஊர் ஏரியிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அதுவும் நிரம்பினால் அடையாறு. பிறகு பெசன்ட் நகர் பக்கம் வங்கக் கடல்.

அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணலுக்குத்தான் ஜனவரி வாக்கில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988இல் சென்னை மாணவர்கள் ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். பருவம் வந்தால் அதன் தொண்டர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து கரையோரமாகவே நடக்கிறார்கள். ஆமைத் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, நூறு முட்டைக்கு மேல் இருந்தாலும் பொறுமையாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடும் இயல்புடையவை. ஒரு காலத்தில் இரவில் கடல்தான் வெளிச்சம். இப்போது தெருவிளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும்.

கூடு எங்கே, முட்டை எத்தனை என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். கரை ஒதுங்கிய இறந்த ஆமைகளையும்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, நடந்து எண்ணியவர்களின் குறிப்பு பெரிதும் உதவியது. இதுதான் மக்கள் அறிவியல்.

நம் பள்ளிப் பிள்ளைகளும் மாதம் ஒருநாள் ஏரிக்கரைக்குப் போகட்டும். நீர்மட்டம், நிறம், நுரை, கலங்கலில் சிக்கிய பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதட்டும். கடலுக்குப் போகும் தண்ணீரின் முதல் பக்கம் அவர்களிடம் இருக்கும்.