கோடு தவறியவர் யார்?

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்கு நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையில் தடையின்றி விரைந்து வருகிறார். ஹெப்பாளை நெருங்கியதும் நிலைமை மாறுகிறது. நெடுஞ்சாலையின் வாகனங்களும் கீழ்ச்சாலையிலிருந்து ஏறும் பேருந்துகளும் ஒரே இடத்தில் வந்து நெருக்குகின்றன. நகருக்குள் போக வேண்டியவர் ஒரு பக்கம் ஒதுங்க வேண்டும். வெளிவட்டச் சாலைக்குப் பிரிய வேண்டியவர் மறுபக்கம் ஒதுங்க வேண்டும். ஒருவர் பாதையை மற்றவர் வெட்டித்தான் போகவேண்டியிருக்கிறது. தடம் பிரிக்கும் வெள்ளைக் கோடு தேய்ந்து கிடந்தால், எவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வாரில்லை. மோதல் நேர்ந்தால் வழக்கு ஓட்டுநர் மேல்தான்.

இந்த நெருக்கடி இயற்கையின் சீற்றம் அன்று. பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் ஹெப்பாள் மேம்பாலம் 2003இல் திறக்கப்பட்டது. புதிய விமான நிலையத்துக்குத் தேவனஹள்ளி தேர்வானது 1990களிலேயே. வரப்போகும் போக்குவரத்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பது தெரிந்திருந்தும், நகருக்குள் இறங்கும் பாதை ஒடுக்கமாகவே அமைந்தது. 2008 மே மாதம் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் அந்நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை உயர்த்திக் கட்டப்பட்டது. வாய்க்காலை அகலப்படுத்திவிட்டு மதகை அப்படியே விட்டால் வெள்ளம் எங்கே தேங்கும் என்பது ஏரிப்பாசனம் அறிந்த எந்த விவசாயிக்கும் தெரியும். மேம்பாலத்தைக் கட்டியது ஓர் அமைப்பு, நெடுஞ்சாலை இன்னோர் அமைப்பின் பொறுப்பு, உள்சாலைகள் மாநகராட்சியுடையவை, நெரிசலைச் சமாளிப்பது போக்குவரத்துக் காவலரின் வேலை. முழுச் சந்திப்புக்கும் பொறுப்பேற்பவர் எவருமிலர். கே.ஆர்.புரம் திசையிலிருந்து மேக்ரி வட்டம் செல்வோருக்கான புதிய இணைப்புப் பாதை 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இடையே கழிந்தவை 22 ஆண்டுகள்.

சாலையில் இடும் கோடு வெறும் அலங்காரமன்று. அது ஒரு மொழி. விட்டுவிட்டு வரும் வெள்ளைக் கோடு "பார்த்து மாறலாம்" என்கிறது. தொடர்ச்சியான கோடு "மாறாதே" என்கிறது. இம்மொழிக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த இலக்கணம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. பலகையைப் படித்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, தடம் மாற ஐந்து நொடி தேவையென்றால், அதற்குள் 110 மீட்டர் போய்விடும். ஆகவே பிரியும் இடத்தை முன்கூட்டியே, பல முறை அறிவிக்க வேண்டும். பிரிவின் வாயிலில் பலகையை நட்டுவிட்டு, கடைசி நொடியில் திரும்பியவரைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

"நம் மக்களுக்குத் தடவொழுங்கு தெரியாது" என்று சிலர் சொல்வதுண்டு. ஒழுங்கு வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. குடித்துவிட்டு ஓட்டுவதையும் எதிர்த்திசையில் வருவதையும் எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரே இடத்தில் நாள்தோறும் வெவ்வேறு மனிதர்கள் ஒரே தவறைச் செய்தால், ஆராய வேண்டியது அந்த இடத்தை அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், குடித்துவிட்டு ஓட்டும் ஒருவருக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 198ஏ பிரிவு, தரமற்ற வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. பல நூறு கோடி ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனத்துக்கு ஓர் உயிரின் உச்ச விலை ஒரு லட்சம்! அந்த ஒரு லட்சத்தையேனும் கட்டிய ஒப்பந்ததாரரை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

சாலையில் மடிவோர் யார்? ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். 19 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது உணவு கொண்டு செல்லும் இளைஞர்கள், ஆலைக்கும் கட்டுமான வேலைக்கும் போகும் தொழிலாளர்கள், பேருந்துக்காகச் சாலையைக் கடக்கும் பெண்கள். 2022 மார்ச்சில் ஹெப்பாளில் சுரங்க நடைபாதையில் மழைநீர் தேங்கிக் கிடந்ததால், மேலே சாலையைக் கடக்க முயன்ற பள்ளி மாணவி ஒருவர் மாநகராட்சிக் குப்பை லாரி மோதி உயிரிழந்தார். லாரி ஓட்டியவரும் ஒரு தொழிலாளி. தண்ணீரை இறைக்காமல் விட்டவரின் பொறுப்பு என்ன?

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையையும் பாருங்கள். 2023 மார்ச் 12 அன்று பிரதமர் திறந்துவைத்தார். அடுத்த இரண்டு நாளில் சுங்கம் தொடங்கியது. உயிரிழப்புகள் பெருகியபின், அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் முதன்மைத் தடங்களில் தடை விதிக்கப்பட்டது. வேகம் குறைந்த வாகனங்களைப் பிரிப்பதில் பாதுகாப்பு நியாயம் உண்டு. ஆனால் அவர்களுக்கான பக்கச்சாலை முழுமையாகவும் பள்ளமின்றியும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இல்லையேல் அது வெளியேற்றம்.

இப்போது ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை 17,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் சுங்கச் சுரங்கச் சாலை போடத் திட்டமிடுகிறார்கள். நகரின் மிக நெரிசலான இரு முனைகளை நிலத்தடியில் இணைத்தால், இரு முனைகளிலும் மேலே வரும் வாகனங்கள் எந்தத் தடத்தில் போய்ச் சேரும்? மதகின் கதை மறுபடியும் எழுதப்படுகிறது. நகரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. எந்த மேம்பாலமும் எந்தச் சுரங்கமும் அவற்றுக்கு ஈடுகொடுக்காது. பேருந்தும் மெட்ரோவும் புறநகர் ரயிலும்தான் ஈடுகொடுக்கும்.

ஆகவே தோழர்களே, கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு பெரிய சந்திப்புக்கும் பொறுப்பான ஒரே அதிகாரி யார் என்று அங்கேயே பலகையில் எழுதப்பட வேண்டும். சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகள் கன்னடத்திலும் பிற மொழிகளிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வோரிடத்திலும் ஓட்டுநரோடு சாலையும் விசாரிக்கப்பட வேண்டும். நடைபாதை, கடக்கும் வழி, பேருந்து நிறுத்தம் ஆகியவை முடிந்த பின்னரே சுங்க வசூல் தொடங்க வேண்டும்.

இவற்றைக் கோர ஆதாரம் வேண்டும். தத்தம் பகுதியில் தேய்ந்த கோடு, மறைந்த பலகை, நீர் தேங்கும் சுரங்கப்பாதை ஆகியவற்றை நாள், இடம் குறித்து எழுதி, வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீது பெற்று வையுங்கள். ஆட்டோ, வாடகைக் கார், உணவு விநியோகத் தொழிலாளர்களே இதில் சிறந்த நிபுணர்கள். அவர்களைக் கேட்டு எழுதுங்கள். நாளை ஓர் உயிர் போய், "ஓட்டுநர் கவனக்குறைவு" என்று ஒற்றை வரியில் கோப்பு மூடப்படும்போது, அதைத் திறக்க அந்த ரசீது உதவும்.